திருப்பிய தேதி

சாவி வரவில்லை. சாவியைத் தேடிப் போன சாமியாரும் வரவில்லை. நான் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பது என் தொழிலில் பாதி. வாங்க வந்தவன் முதலில் எழுந்தால் விலை ஏறும், விற்கிறவன் முதலில் எழுந்தால் இறங்கும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள். மதுரையில் நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, உள்ளே நனைந்த மூட்டையை மேலே தொட்டுப்பார்த்து வாங்கி நாலு தடவை ஏமாந்தால் தானாக வரும். பூட்டு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. என் அப்பா ஆயுசெல்லாம் அரம் போட்டு ராவியது இந்த மாதிரிப் பூட்டைத்தான். ஒரு கம்பி கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடுவேன், கம்பி கூட வேண்டாம், குடைக் கம்பி போதும், குடை இதோ காலடியில் கிடக்கிறது. தொடமாட்டேன். இந்தக் கட்டடத்துக்குள் வியாகுலம் பூட்டில் கை வைத்தான் என்ற பேச்சு வேண்டாம். அந்தச் சின்னச் சாமியாருக்கு, ஜூடு என்று பெயர், முப்பத்தைந்து இருக்கும், கையில் போனும் காலில் ரப்பர் செருப்புமாக அலைகிறார், அவருக்கு நான் மதுரையிலிருந்து வந்த பழைய புத்தக வியாபாரி, அவ்வளவுதான். நான் சாமியாராவதற்கு இந்தக் குருமடத்தில் பதின்மூன்று மாதம் படித்தவன் என்று அவருக்குத் தெரியாது. எந்த ஜன்னலில் கொக்கி இல்லை என்று எனக்குத் தெரியும். மாமரத்தில் எந்தக் கிளை குருமடத் தலைவர் ரெக்டர் சாமியின் அறைப் பக்கம் தாழ்ந்திருந்தது என்று தெரியும், அந்தக் கிளை இப்போது இல்லை என்றும் வந்தவுடன் பார்த்துவிட்டேன். "ஒரு அஞ்சு நிமிஷம் ஐயா, சாவி எங்கியாவது இருக்கும்" என்று போனார். இருபது நிமிஷம் ஆகிறது. காலையில் வீட்டிலும் இதே கதைதான். நாளைக்குக் கட்ட வேண்டிய வெள்ளை வேட்டி பீரோவில், பீரோ பூட்டி, சாவி இல்லை. "எங்கடி சாவி?" என்றால் என் பெண்டாட்டி அடைக்கலம், "எங்கியோ வெச்சேன்" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டே. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் எதையும் எங்கேயோ வைத்ததில்லை.

குருமட நூலகத்தை மூடுகிறார்கள், முப்பத்தொரு பெட்டி கட்டியாகிவிட்டது. எல்லாம் லத்தீன். பெரிய அகராதி, நடுத்தர அகராதி, சட்டைப்பைக்குள் போகிற குட்டி அகராதி, இலக்கணப் புத்தகம் முதல் வருஷத்துக்கு, இரண்டாம் வருஷத்துக்கு, வேற்றுமை அட்டவணையைத் துணியில் ஒட்டிச் சுருட்டி வைத்த வரைபடம், ஒரு வினைச்சொல்லை ஒடித்து இது எந்தக் காலம் எந்த இடம் என்று சொல்கிற புத்தகம், அப்புறம் பயிற்சிக்கெல்லாம் விடை எழுதிய புத்தகம், அதற்கு நாங்கள் ஊன்றுகோல் என்று பெயர் வைத்திருந்தோம், அது மட்டும் எப்போதும் ரெக்டர் அறையில்தான் இருக்கும், அதற்காகத்தான் மாமரக் கிளை. வாங்குகிறவன் கொடைக்கானலில் புது ரிசார்ட் கட்டுகிறவன். வரவேற்பு அறைச் சுவர் முழுக்கத் தோல் அட்டைப் புத்தகம் வேண்டுமாம், அடிக்கணக்கில். "உள்ள என்ன மொழின்னாலும் பரவால்ல சார், முதுகுல தங்க எழுத்து இருக்கணும்" என்றான். இருக்கிறது. உள்ளே இருக்கிற ஒரு லட்சம் சொல்லும் இனிமேல் சுவர்தான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சினிமாக்காரனுக்கு வக்கீல் வீட்டு செட்டுக்குச் சட்டப் புத்தகம் கொடுத்தவன் நான், பாதி அதில் ரயில் கால அட்டவணை. புத்தகத்தின் மேல் எனக்குப் பக்தி கிடையாது. பக்தி இருந்தவனெல்லாம் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். என் மகள் சின்ன வயசில் கேட்பாள், "ஏம்ப்பா, நீங்க இதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?" நான் சொல்வேன், "லத்தீன் படிச்சவன்டி உங்கப்பன். கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். விட்டிருந்தா இந்நேரம் பிஷப்பு." "பிஷப்புன்னா நான் ஏதுப்பா?" என்பாள். பெனிட்டா. அப்போதே வாய். நாளைக்குக் கோயிலில் அவளுடைய கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை.

நாளைக்கு என்பதை நினைக்கக் கூடாது என்று எழுந்தேன். எழுந்தால் விலை போய்விடும், பரவாயில்லை, பார்க்க ஆள் இல்லை. மூலையில் ஒரு தேக்கு மேசை, அதன் மேல் நீளமான இழுப்பறைகள், நூலக அட்டைகள் வைத்த இழுப்பறைகள். அதுவும் என் கணக்கில்தான் வருகிறது. நல்ல தேக்கு, புறாவால் மாதிரி வெட்டிக் கோத்த மூட்டு, ஆணி கிடையாது. இழுத்துப் பார்த்தேன். மரத்தைத்தான் பார்த்தேன், சத்தியமாக மரத்தைத்தான். அட்டையெல்லாம் அப்படியே நிற்கிறது. மாணவன் பெயர், புத்தகத்தின் பெயர், வாங்கிய தேதி, திருப்பிய தேதி, பிரதர் கையெழுத்து. இந்தக் குருமடத்தில் அப்படித்தான். புத்தகத்தைக் கொடுத்தால் அட்டை இங்கே நிற்கும், புத்தகம் திரும்பினால் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும். அதாவது இங்கே நிற்பதெல்லாம் திரும்பாதது. மொத்தம் ஒரு கை அட்டைதான். கடைசி அட்டை என்னுடையது. வி. வியாகுலம். லத்தீன் அகராதி, பெரியது. வாங்கிய தேதி 1976 ஆகஸ்ட் 3. அடுத்த இரண்டு கட்டமும் காலி. நாற்பத்தெட்டு வருஷமாகக் காலி. கோபம் வந்தது. வந்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், காது சூடாகும் முதலில், அப்புறம் வலது கை. மற்ற அட்டைகளில் சிவப்பு மையில் 'காணவில்லை' என்று எழுதியிருக்கிறது. என்னுடையதில் எழுதவில்லை. நூலகம் பார்த்த மிக்கேல் பிரதர் ஏன் எழுதவில்லை? மறந்திருப்பாரா? மற்றவற்றில் மறக்கவில்லையே. வருகிறவன் வருவான் என்று விட்டு வைத்திருந்தாரா கிழவர்? செத்து இருபது வருஷம் ஆகிறது. கேட்க முடியாது.

நடந்தது இதுதான். அகராதி கப்பலில் வந்தது, ரெக்டர் சாமியின் சொத்து மாதிரி. முதுகு விட்டுப்போய், ஏடு ஏடாகக் கழன்று, என் கையில் இருந்தபோதுதான் முழுசாக உதிர்ந்தது. நான் சம்பளம் கட்ட முடியாத வீட்டுப் பையன், அதனால் மாலையில் எல்லாரும் பந்து விளையாடும்போது எனக்கும் என் வகுப்பு இன்னாசிக்கும் பைண்டிங் அறையில் வேலை. மைதா காய்ச்சுவோம், பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவோம், நகமெல்லாம் பச்சையாக இருக்கும், சாப்பாட்டில் கூட அந்தக் கசப்பு. மேசையில் திருப்பிக் கொடுக்காமல் நேரே பைண்டிங் அறைக்கு எடுத்துப் போனேன், தைத்தேன், பிரஸ்ஸுக்குள் வைத்தேன், பிரஸ் என்றால் இரண்டு பலகை, மேலே உடைந்த அம்மிக்கல். கல்லை ஏற்றினேன். அன்று ராத்திரி எனக்கு அம்மை போட்டுவிட்டது. பதினாறு நாள் வேப்பிலைக்கு நடுவில். எழுந்து வந்தபோது பிரஸ்ஸில் அகராதி இல்லை. ரெக்டர் சாமி இன்னாசியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அப்படி ஒரு புத்தகம் பிரஸ்ல இல்ல சாமி" என்றான். அவ்வளவுதான். இல்ல சாமி. கல்லை ஏற்றினவன் நான், கல்லுக்கு அடியில் இல்லை என்கிறான் அவன், நடுவில் அறைக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான். வேறு யார் எடுத்திருப்பான்? ஊருக்குள் எடைக்குப் போட்டிருப்பான், பரோட்டா தின்றிருப்பான். நான் அடித்தேன். கீழே விழுந்தவன் பலகையின் கைப்பிடியில் வாய் பட்டு முன்பல் பாதி உடைந்தது. நான் கல்லை ஏற்றினேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அம்மிக்கல்லின் சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கிறது. புத்தகத்துக்காக என்னை அனுப்பினார்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பல்லுக்காகத்தான் அனுப்பினார்கள். அதோடு, "நீங்களே வித்துத் தின்னுட்டு என்னைக் கேக்குறீங்களா?" என்று ரெக்டர் சாமியைக் கேட்டேன், அதற்காகவும். ஆனால் ஊரில் இறங்கினபோது பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயில் புத்தகத்தைத் திருடினவன். அப்பா பட்டறையில் என்னைச் சாவிப் பக்கம் மட்டும் விடவில்லை. அதைவிட அடித்திருக்கலாம்.

நான் மதுரைக்குப் போனது அகராதியைத் தேடித்தான். இது யாருக்கும் தெரியாது, அடைக்கலத்துக்குக் கூட. இன்னாசி எடைக்குப் போட்டிருந்தால் திண்டுக்கல்லிலிருந்து சரக்கு மதுரைக்குத்தான் வரும், கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய் ரெக்டர் மேசையில் பொத்தென்று போட வேண்டும் என்று பதினாலு வயசில் ஒரு வெறி. கடை கடையாக மூட்டையைக் கிளறினேன். ஒரு கடைக்காரர், "டேய், சும்மா கிளறாத, கிளறுறதுதான் கிளறுற, பெருசு சிறுசா அடுக்கி வை" என்றார். அடுக்கினேன். அடுக்கிக்கொண்டேதான் இருக்கிறேன். அகராதி அகப்படவில்லை, தொழில் அகப்பட்டது. பேரம் அகப்பட்டது. எவனாவது "நம்புங்க அண்ணாச்சி" என்றால் அடிக்கப் போகிற குணமும் அப்போது வந்ததுதான். இன்னாசியும் சாமியாராகவில்லை, தபாலாபீசில் சேர்ந்து பெரிய உத்தியோகத்தில் ஓய்வு பெற்றான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். பிரிக்காமல் எடைச் சாக்கில் போடுவேன். காகிதம் காகிதம்தானே. அவன் மகன் கிளமெண்ட்டை என் மகள் எங்கே பார்த்தாள், எப்போது பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை, யார் மகன் என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். "திருட்டுப் பய வீட்ல எம்பொண்ணு கால் வைக்காது" என்றேன். அடைக்கலத்தின் தம்பி முன்னால் நின்று நிச்சயம் செய்தான், நான் போகவில்லை. படத்தில் பார்த்தேன், எல்லாரும் சிரிக்கிறார்கள், இன்னாசி மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறான். போன இரண்டு ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். வியாகுலம் என்ற பெயர் ஒலிபெருக்கியில் வந்து இன்னாசி என்ற பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன், "மூணாம் ஓலைக்கு நான் உள்ள இருப்பேன். வாசிச்சு முடிச்சதும் எந்திரிச்சு நிப்பேன். அந்தாளு யாருன்னு ஊர் முன்னாடி சொல்லுவேன்." அடைக்கலம், "உங்களுக்கு வெக்கமா இல்லியாங்க? ஒரு புஸ்தகத்துக்கா?" என்றாள். பெனிட்டா அழவில்லை. அழுதிருந்தால் பேரம் பேச வழி இருந்திருக்கும். "எந்திரிங்கப்பா. நீங்க நில்லுங்க. நான் உக்காந்தே இருப்பேன்" என்றாள். நான் சொன்னது சொன்னதுதான். வியாபாரத்தில் சொன்ன சொல்லிலிருந்து இறங்கினவனை அடுத்த முறை எவனும் மதிக்கமாட்டான். அதனால் எந்திரிப்பேன். முதல் வாக்கியம் கூட தயார். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் என்று ஆரம்பிக்க வேண்டும். நான் கல்லை ஏற்றினேன் என்று.

ரப்பர் செருப்புச் சத்தம். ஜூடு சாமி கை நிறையச் சாவியோடு வருகிறார். "மன்னிக்கணும் ஐயா, சமையக்கட்டுல உப்பு ஜாடிக்குள்ள இருந்துச்சு. எதுக்கு அங்க வெச்சாங்கன்னு தெரியல." "துரு புடிக்கத்தான்" என்றேன். சிரித்தார். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒன்பதாவது சாவிக்குப் பூட்டு வாய் திறந்தது. கிரேக்க அலமாரி. நாங்கள் படித்த காலத்திலேயே கிரேக்கம் கிடையாது, சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரச் சாமி ஊருக்குப் போய் அப்போதே பத்து வருஷம். அந்த எழுத்தை நாங்கள் நண்டு எழுத்து என்போம். ஒருவனும் தொடாத அலமாரி. தூசி கூட ஒழுங்காக, கலையாமல் உட்கார்ந்திருந்தது. இலக்கணம் ஏழெட்டு, சொல் பட்டியல்கள், நடுவில் இரண்டு பெரிய பாகமாக ஓர் அகராதி, கிரேக்கச் சொல்லுக்கு லத்தீனில் பொருள் சொல்கிறது, கருந்தோல், முதுகில் தங்க எழுத்து, ரிசார்ட்காரன் பார்த்தால் மயங்கி விழுவான். இரண்டாம் பாகத்தைப் பிரித்தேன். நண்டு, நண்டு, நண்டு. முதல் பாகத்தைப் பிரித்தேன். நண்டு இல்லை. சாதாரண எழுத்து, லத்தீன், பக்கத்தில் இங்கிலீஷ். இன்னும் இரண்டு இடத்தில் பிரித்தேன். லத்தீன்தான். என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "சாமி, இதைப் பாருங்க. அட்டை ஒண்ணு, உள்ள ஒண்ணு. சோடியே இல்ல இது. இந்த மாதிரி இன்னும் எத்தனை கெடக்குதோ, இந்த அலமாரிக்குப் பேசின விலை செல்லாது." பேரம் செய்கிற வாய் அப்படித்தான், குறையைப் பார்த்தால் குளிர்ந்துவிடும். ஜூடு சாமி, "ஐயோ, எனக்கு ரெண்டும் தெரியாதுங்கய்யா, நீங்க சொல்றதுதான்" என்றார். அவர் கண் முன்னால் குறையை இன்னும் நன்றாகக் காட்டலாம் என்று அட்டையை மடக்கினேன். முதுகுத்தோல் காய்ந்து ஏட்டைவிட்டு விலகி, ஒரு குழாய் மாதிரி வாயைத் திறந்தது. உள்ளே பச்சை. மயில்துத்தப் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. ஊதா மை. சின்னப் பையன் கையெழுத்து.

லத்தீன் பரீட்சை, இருபதுக்கு நான்கு. சிவப்பில், வட்டத்துக்குள். ரெக்டர் சாமி நாலைக் கால் நீட்டிப் போடுவார். அப்புறம்தான் மேலே இருந்த என் பெயரைப் பார்த்தேன், பார்க்காமலே தெரியும், தாள் இங்கிருந்து அரை அடி தூரத்தில், நான் அங்கிருந்து நாற்பத்தெட்டு வருஷ தூரத்தில். கல்லை ஏற்றினேன். கல்லை ஏற்றுவதற்கு முன்னால். கல்லுக்கு முன்னால் என்ன என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை, கல்லிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அகராதியின் அட்டை நொறுங்கிவிட்டது, போடுவதற்கு அட்டை இல்லை. பைண்டிங் அறையில் ஒரு பழக்கம் உண்டு, செத்துப்போன புத்தகத்தின் அட்டை நன்றாக இருந்தால் அதை எடுத்து உயிரோடு இருக்கிற புத்தகத்துக்குப் போட்டுவிடுவோம், போட்டுவிட்டுப் பழைய தங்க எழுத்தின் மேல் துணிப்பட்டை ஒட்டி வெள்ளை மையில் புதுப் பெயர் எழுத வேண்டும். கிரேக்கப் புத்தகம் ஒன்று, கரையான் உள்ளே முழுசாகத் தின்று அட்டையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அளவு பார்த்தேன், ஒரு நூல்தான் அதிகம். தின்றது போக மிச்சத்தைச் சமையலறை அடுப்பில் போட்டேன். முதுகுக்குக் காகிதம் வேண்டும், பழைய தாள் எவ்வளவோ கிடந்தது, ஆனால் சட்டைப்பையில் இந்த நாலு மார்க் இருந்தது, அன்றைக்குக் காலையில் கொடுத்தது, இன்னாசி பார்த்துவிடக் கூடாது, அவனுக்குப் பதினெட்டு. அதனால் அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அதையே மடித்து உள்ளே ஒட்டினேன். ஒட்டி, அட்டையை மூடி, அவசரமாகக் கல்லை ஏற்றினேன். பட்டை மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம். மறுநாள் இல்லை. மறுநாள் வேப்பிலை. பதினாறு நாள் வேப்பிலை, காய்ச்சலில் எல்லாம் கரைந்துபோய்க் கல் மட்டும் மிஞ்சியது.

இன்னாசி பிரஸ்ஸைத் திறந்திருப்பான். முதுகைப் பார்த்திருப்பான், கிரேக்கம், ஒன்றாம் பாகம் என்று தங்கத்தில் எழுதியிருக்கிறது. அலமாரியில் இரண்டாம் பாகம் தனியாக நிற்கிறது. எடுத்துக்கொண்டு போய்ச் சோடி சேர்த்திருக்கிறான். ஒழுங்கான பையன், தபாலாபீசுக்குப் பொருத்தமான பையன், மேலே எழுதியிருக்கிற விலாசத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். இதை அவன் சொல்லவும் சொன்னான். இப்போதுதான் வருகிறது, இத்தனை வருஷம் எங்கே இருந்தது. "அப்படி ஒரு புத்தகம் பிரஸ்ல இல்ல சாமி. கிரேக்கப் புத்தகம் ஒண்ணுதான் இருந்துச்சு, அதை எடுத்து அலமாரில வெச்சிட்டேன்." இரண்டு வாக்கியம் சொன்னான். நான் முதலாவதிலேயே அடித்துவிட்டேன். இரண்டாவதை அடித்துக்கொண்டேதான் கேட்டேன். கேட்டதை விட்டுவிட்டு அடித்ததை வைத்துக்கொண்டேன். யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ரெக்டர் விற்கவில்லை, இன்னாசி பரோட்டா தின்னவில்லை. ஒரு பையன் தன் மார்க்கை ஒளித்தான், மார்க்கோடு புத்தகமும் ஒளிந்துகொண்டது, ஒளித்தவனே ஊரெல்லாம் தேடிக் கடை வைத்துவிட்டான். யார் மேல் கோபப்படுவது என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. காது சூடாகவில்லை. வலது கை சும்மா இருந்தது. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்து, கடைசி மூட்டையையும் வண்டியில் ஏற்றிவிட்டு, சாமான் இருந்த இடமெல்லாம் சுவரில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கிளாஸில் முதலும் நான் இல்லை. பிஷப்பாம்.

"ஐயா, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் ஜூடு சாமி. "விலையப் பத்தி யோசிக்கிறீங்கன்னா, அந்த ஒண்ணை விட்டுடலாம். இல்ல சும்மா எடுத்துக்கங்க, யாருக்கு வேணும் இது?" சும்மா. நல்ல வேளை, சிரிப்பு வந்தது. "சும்மா எடுத்துட்டுப் போற பேரு எனக்கு ஏற்கெனவே உண்டு சாமி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தேக்கு மேசைக்குப் போய்க் கடைசி அட்டையை உருவிக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "வியாகுலம்... நீங்களா? இங்கயா படிச்சீங்க?" "பதிமூணு மாசம். புஸ்தகத்தை வாங்கினேன், கொண்டாந்துட்டேன். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க." "ஐயா, நூலகமே இன்னிக்கோட மூடுறோம். எங்க திருப்பிக் கொடுக்கிறது?" "இன்னும் மூடலையே. லாரி வரல. பன்னெண்டு மணி அடிக்கல." "பிரதர்னு போட்டிருக்கே, நான் பிரதர் இல்லியே." "மிக்கேல் பிரதர் இடம் விட்டு வெச்சிட்டுப் போயிருக்கார். யாராவது போடணும். போடுங்க." குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பழைய குணம். அவர் பேனாவைத் தேடி எடுத்தார். "புத்தகத்தோட பேரு இங்க லத்தீன் அகராதின்னு இருக்கு, முதுகுல வேற இருக்கே..." "முதுகைப் பாக்காதீங்க சாமி. முதுகைப் பாத்துதான் எல்லாம். உள்ள பிரிச்சுப் பாத்துட்டுப் போடுங்க." பிரித்துப் பார்த்தார். பொறுமையாக இரண்டு பக்கம் திருப்பினார், லத்தீன் தெரியாத சாமியார், சொல் மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு இன்றைய தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். "இப்ப இந்த அட்டை புத்தகத்துக்குள்ள போகணும், அதானே வழக்கம்?" என்றார். "அட்டை எனக்கு வேணும். ஒருத்தர்கிட்டக் காட்டணும். புஸ்தகம் உங்களோடது, மத்ததோட சேர்த்து எடை போடுங்க, பேசின விலைக்கே." "குறைக்கணும்னு சொன்னீங்களே?" "சொன்னேன். இறங்கிட்டேன்."

அட்டையைச் சட்டைப்பையில் வைத்தேன், நாலு மார்க் இருந்த அதே பக்கம். வாசலுக்கு வந்து போன் போட்டேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. "அடைக்கலம், நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு?"

"எதுக்கு? எந்திரிச்சு நிக்கவா?"

"இல்ல. உக்கார்றதுக்கு. அந்த இன்னாசி எந்தப் பக்கம் உக்காருவான்னு தெரிஞ்சா நல்லது."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ ஏதோ சொன்னாள், பெனிட்டா குரல் ஒரு தடவை "என்னவாம்?" என்று கேட்டது. எனக்குப் பின்னால் பன்னிரண்டு மணி அடித்தது, அடித்து முடிகிறவரை காத்திருந்தேன். முதலில் பேசுகிறவன் இறங்கினவன், இருக்கட்டும் என்று நானே வாயைத் திறக்கப் போனேன்.

"ஏழரை மணிப் பூசை" என்றாள் அடைக்கலம். "வெள்ளை வேட்டிய எடுத்து வெக்கிறேன். பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு."